தாழப் பறந்த ஹெலிகாப்டர், கீழே தொங்கிய வெள்ளைக் குழாய்: இது என்ன கருவி?

#1 வான்நோக்கி

மூன்று நாளாக ஒரு ஹெலிகாப்டர் எங்கள் பக்கம் வந்து போய்க்கொண்டிருக்கிறது. சும்மா பறந்து போயிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அதன் வயிற்றிலிருந்து ஒரு நீளக் கயிறு. கயிற்றின் முனையில், தரைக்கு இணையாகப் படுத்த மாதிரி ஒரு வெள்ளைக் குழாய். முன்பக்கம் மழுங்கல், பின்பக்கம் சின்னதாக வால் மாதிரி ஏதோ. முதல் தடவை பார்த்தபோது ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு போகிறார்களோ என்று பகீரென்றது.

குழாய் தரையிலிருந்து இரண்டு பனை உயரத்துக்கு மேல் இருக்காது. ஹெலிகாப்டர் அதற்கு மேலே இன்னொரு அவ்வளவு உயரத்தில். நேர்கோட்டில் போகிறது, கண்ணுக்கு மறைகிறது, கொஞ்ச நேரம் கழித்து அதே திசையிலிருந்து கொஞ்சம் தள்ளித் திரும்பி வருகிறது. உழுகிற மாதிரி.

இன்னொன்றுதான் புரியவே இல்லை. அவ்வப்போது வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விறுவிறுவென்று ரொம்ப உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே சில நிமிடம் இருந்துவிட்டு மறுபடி இறங்கி வந்து விட்ட இடத்தில் தொடர்கிறது. எதற்கு?

படம் இணைத்திருக்கிறேன். கைபேசியில் பெரிதாக்கி எடுத்தது, மங்கலாகத்தான் இருக்கும்.

#2 மடைவாய்

பயிருக்கு மருந்து தெளிக்கிறார்களோ? கொசு ஒழிப்புக்கும் இப்படித் தாழப் பறப்பார்கள்.

#3 அளவுகோல்

தெளிப்பு ஹெலிகாப்டரில் மருந்துத் தொட்டி உடலோடு ஒட்டி இருக்கும், குறுக்காக இருபுறமும் நீளும் குழாயில் வரிசையாக முனைகள் இருக்கும். படத்தில் இருப்பது பறக்கும் திசையிலேயே நீளமாக இருக்கிறது. அப்படித் தெளித்தால் ஒரே கோட்டில்தான் மருந்து விழும். அதனால் அது இல்லை.

என் வேலை லைடார் (லேசர் அனுப்பித் தரையின் தூரத்தை அளப்பது) சம்பந்தப்பட்டது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இது லைடாரும் இல்லை. லேசர் எந்தக் கோணத்தில் போனது என்று டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்காவது தெரிந்தால்தான் எங்கள் கணக்கு நிற்கும். அதனால் கருவியை ஹெலிகாப்டரின் வயிற்றிலோ மூக்கிலோ இறுக்கமாகப் பூட்டுவோம். கயிற்றில் கட்டி ஆடவிட மாட்டோம். மின்கம்பி பார்க்க வரும் ஹெலிகாப்டர்களில் மூக்குக்குக் கீழே ஒரு உருண்டை தெரியும், அது கேமரா. அதுவும் இங்கே இல்லை.

கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் கருவிக்கு ஹெலிகாப்டரே தொந்தரவு என்று அர்த்தம். அங்கிருந்து யோசிக்க வேண்டும்.

#4 நிலவரை

அளவுகோல் சொன்னதுதான் சரியான நுனி. அங்கிருந்தே இழுக்கலாம்.

நான் பல வருடம் இந்த மாதிரி சர்வேயில் தரைக் குழுவில் இருந்தவன். கருவியின் உருவத்தை மட்டும் வைத்து ஊகிக்காதீர்கள். ஹெலிகாப்டரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த மாதிரி வழியில் பறக்கிறது, இந்த மூன்றும் தெரிந்தால் பாதி விடை வந்துவிடும். ஹெலிகாப்டர் என்பது இரும்பும் மின்சாரமும் சேர்ந்த ஒரு பெரிய இரைச்சல். காந்தப்புலத்தையோ மின்காந்த அலையையோ அளக்கிறவன் அதைவிட்டு ஓடத்தான் பார்ப்பான். கேமராவுக்கும் லேசருக்கும் அந்தக் கவலை இல்லை.

வான்நோக்கி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, குழாயின் நீளம் ஹெலிகாப்டரின் உடலோடு ஒப்பிட்டால் எவ்வளவு? இரண்டு, மூக்கில் முன்னால் நீட்டிய கம்பு ஏதாவது இருக்கிறதா? மூன்று, வயிற்றிலோ பக்கவாட்டிலோ பெட்டி தெரிகிறதா?

#5 வான்நோக்கி

பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் திரையில் அடிக்கோல் வைத்து அளந்தேன். ஹெலிகாப்டர் உடல் 26 மில்லிமீட்டர், குழாய் 21 மில்லிமீட்டர். ஹெலிகாப்டர் ஏஎஸ்350 வகை மாதிரி இருக்கிறது, வால் விசிறி திறந்தவாக்கில் இருக்கிறது. மூக்கில் கம்பு இல்லை. பெட்டி எதுவும் தெரியவில்லை.

#6 நிலவரை

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஏஎஸ்350-ன் உடல் நீளம் சுமார் 11 மீட்டர். உங்கள் விகிதப்படி குழாய் 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மங்கலான படத்தில் அளந்ததற்கு இது போதும்.

அது மின்காந்த சர்வே குழாய். நாங்கள் அதைப் ‘பறவை’ என்றுதான் சொல்வோம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் அந்தப் பெயர்தான். மழுங்கிய மூக்கும் வாலும் காற்றில் திரும்பாமல் நேராகப் போவதற்கு.

#7 குறுக்குக்கேள்வி

ஒரு சந்தேகம். மின்காந்த சர்வே என்றால் ஹெலிகாப்டருக்குக் கீழே பெரிய வளையம் அல்லவா தொங்கும்? நான் பார்த்த படங்களில் எல்லாம் சிலந்தி வலை மாதிரி ஒரு சட்டம், ஹெலிகாப்டரைவிடப் பெரியதாக இருந்தது. இந்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே. காந்தமானியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். காந்தமானியையும் இப்படிக் குழாய்க்குள் வைத்துத் தொங்கவிடுவார்கள்.

#8 நிலவரை

கேள்வி நியாயமானது. இரண்டு விதம் உண்டு.

நீங்கள் சொல்லும் வளையம் முதல் விதம். விடெம் என்ற கருவியின் வளையம் 26 மீட்டர் விட்டம், பெரிய வகைகளில் அதற்கு மேலும் வரும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைத் தேடுவதற்கென்றே உருவான ஸ்கைடெம்மில் பல கோணச் சட்டம். இவற்றில் வளையத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொடுத்து, சட்டென்று நிறுத்துவார்கள். நிறுத்திய அந்த நொடியில் பூமிக்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவை கீழே இறங்கிப் பரவிக்கொண்டே தேயும். தேய்கிற வேகத்தைக் கேட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவது. மணியை அடித்துவிட்டு, அந்த ஓசை அடங்குவதைக் காதுகொடுத்துக் கேட்பது போல. துடிப்பின் வேகத்தைக்கூட ஊர் மின்சாரத்தைப் பார்த்து வைப்பார்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் நொடிக்கு 25, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 30. அப்போதுதான் மின்கம்பிகளின் இரைச்சல் கூட்டிக் கழித்ததில் அடிபட்டுப் போகும்.

குழாய் இரண்டாவது விதம். இதில் நிறுத்துவது கிடையாது, தொடர்ந்து பாடிக்கொண்டே இருக்கும். ஒரு முனையில் அனுப்பும் காயில்கள், மறுமுனையில் வாங்கும் காயில்கள், நடுவில் சுமார் 8 மீட்டர். ரிசால்வ் என்ற கருவியில் 400 ஹெர்ட்ஸ் தொடங்கி 1,40,000 ஹெர்ட்ஸ் வரை ஆறு அலைவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் காயில். பூமியிலிருந்து திரும்பி வரும் சிக்னல், நேராக வருகிற சிக்னலில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பிபிஎம் கணக்கில்தான் இருக்கும்.

இப்போது அந்த உயரே ஏறும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் என்னைப் பொறுத்தவரை உறுதியான சாட்சி. காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 8 மீட்டர் இடைவெளியில் வெறும் 0.1 மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, நேர் சிக்னல் சுமார் 37 பிபிஎம் மாறிவிடும். ஒரு தாளின் கனம்தான் அது. காலையில் குளிராக இருந்த குழாய் வெயிலில் கொஞ்சம் நீண்டாலே போதும், இல்லாத களிமண்ணும் இல்லாத உப்புநீரும் தெரிய ஆரம்பிக்கும். குழாய் கெவ்லார், கண்ணாடியிழை மாதிரி விறைப்பான பொருளில் இருப்பது அதனால்தான். அப்படி இருந்தும் நகரும். ஆகவே அவ்வப்போது முந்நூறு மீட்டருக்கு மேல் ஏறிப் போவோம். அங்கே பூமியின் பதில் கருவிக்கு எட்டாது. அந்த உயரத்தில் கருவி என்ன எண் காட்டுகிறதோ அதுதான் பூஜ்ஜியம். குறித்துக்கொண்டு இறங்குவோம். அடுத்த ஏற்றத்தில் மறுபடி பூஜ்ஜியம் பார்த்து, இடையில் நகர்ந்ததைக் கணக்கில் கழித்துவிடுவோம்.

வெறும் காந்தமானிப் பறவைக்கு இப்படித் திரும்பத் திரும்ப ஏற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் குறுக்குக்கேள்வி சொன்னதும் முழுத் தவறில்லை. இந்தக் குழாய்க்குள்ளேயே ஒரு காந்தமானியையும் வைத்துவிடுவது வழக்கம்.

#9 வான்நோக்கி

தராசில் எடை போடும் முன் காலித்தட்டைச் சரிபார்ப்பது மாதிரி! மூன்று நாள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நன்றி.

#10 மேய்ச்சல்

என் கவலை வேறு. இதே மாதிரி ஒன்று எங்கள் கொட்டகைக்கு மேலே போனபோது சினையாக இருந்த மாடு முளைக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அப்புறம் இந்தக் காந்த அலை கதிர்வீச்சு என்று ஏதோ சொல்கிறீர்களே, அது கீழே நிற்கிற மனிதருக்கும் மாட்டுக்கும் என்ன செய்யும்? நேராகச் சொல்லுங்கள்.

#11 நிலவரை

//முன்கூட்டி யாரும் சொல்லவில்லை//

இது தவறு, இதில் மறுபேச்சே இல்லை. சத்தம்தான் நிஜமான ஆபத்து. குதிரை, சினை மாடு, கோழிப்பண்ணை இருக்கும் இடங்களை முன்பே கேட்டுக் குறித்துக்கொண்டு, அங்கே உயரே ஏறியோ சுற்றியோ போவதுதான் முறை. நான் இருந்த குழுவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலைக்கே ஒருவர் இருந்தார். அடுத்த முறை வந்தால் உங்கள் கொட்டகை இருக்கும் இடத்தை அவர்களிடம் கொடுங்கள், வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு அந்த இடத்தைத் தவிர்க்க முடியும்.

புலத்தைப் பற்றி: குழாயைவிடப் பலமான பெரிய வளையத்தையே எடுத்துக்கொள்வோம். 26 மீட்டர் விட்டம், மின்னோட்டத்தையும் சுற்றையும் பரப்பையும் பெருக்கினால் 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் நேர் கீழே தரையில் சுமார் 3 மைக்ரோடெஸ்லா வரும். நீங்களும் மாடும் பிறந்தது முதல் நிற்கிற பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. வளையம் கடந்துபோகச் சில நொடி. குழாய் இதைவிடப் பல மடங்கு பலவீனம். இதில் அணுக்கதிர் எதுவும் கிடையாது.

ஆனால் ஒன்று. வேடிக்கை பார்க்க அதற்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். எஞ்சினில் கோளாறு என்றால் ஓட்டுநர் கொக்கியை விடுவித்துச் சுமையைக் கீழே போட்டுவிடுவார். அது அவருடைய உரிமை மட்டுமல்ல, கடமையும்.

#12 கதிர்மானி

அணுக்கதிர் பேச்சு வந்ததால் சேர்த்துக்கொள்கிறேன். கதிரை அளக்கவும் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்கள் உண்டு, அவையும் எதையும் வெளியே விடுவதில்லை. தரையிலிருந்து தானாக வரும் காமா கதிரை எண்ணுவதுதான் வேலை. உள்ளே சோடியம் அயோடைடு படிகங்கள் நிறைந்த கனமான பெட்டிகள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஹெலிகாப்டர்களில் இந்தப் பெட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். பெரிய பொது நிகழ்ச்சிகளுக்கு முன்னால் நகரத்தின் மேல் 150 அடி உயரத்தில், மணிக்கு 80 மைல் வேகத்தில் கட்டம் கட்டமாகப் பறந்து, இயல்பான கதிரளவு எவ்வளவு என்று பதிந்து வைப்பார்கள். பிறகு ஏதாவது கூடினால் தெரிந்துவிடும்.

இதற்குக் கயிறு வேண்டாம். ஹெலிகாப்டரின் இரும்பும் மின்சாரமும் காமா கதிரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் தாழப் பறந்தே ஆக வேண்டும், ஏனென்றால் நூறு மீட்டர் காற்றே கதிரில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். அளவுகோல் சொன்ன கயிறு விதி இங்கேயும் பொருந்துகிறது பாருங்கள்.

#13 மடைவாய்

இவ்வளவு இருக்கிறதா இதில்! நான் மருந்துத் தெளிப்பு என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஒரு கேள்வி: மூக்கிலும் இரண்டு பக்கத்திலும் கம்பு நீட்டிக்கொண்டு, ஆள் உயரத்தில் தரையை உரசுவது போலப் பறக்கும் ஒன்றை ஒரு காணொளியில் பார்த்தேன். அது என்ன?

#14 நிலவரை

புதைந்து கிடக்கும் வெடிக்காத குண்டுகளைத் தேடுவது. கம்புகளில் காந்தமானிகள் இருக்கும். ஒரு குண்டின் இரும்பு காட்டும் காந்த மாற்றம் சில மீட்டர் உயரத்திலேயே காணாமல் போய்விடும், அதனால் 1 முதல் 3 மீட்டர் உயரத்தில் பறப்பார்கள். மரமும் கம்பமும் இல்லாத வெட்டவெளியில்தான் முடியும். அந்த ஓட்டுநர்களுக்கு என் வணக்கம்.

#15 வான்நோக்கி

புதிய செய்தி. இன்று காலை வண்டியில் போகும்போது, வழியில் ஒரு வெட்டவெளியில் மரக்கம்பின் மேல் டப்பா மாதிரி ஒன்று நட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி, பேட்டரி. நிழலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நான் பைக்கை அருகில் கொண்டுபோனதுமே எழுந்து ஓடிவந்து, ‘அண்ணா, அண்ணா, அங்கேயே நிறுத்துங்கள்’ என்றான். பைக்கை அறுபது எழுபது அடி பின்னால் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் பேசவே ஆரம்பித்தான். ‘சாவிக்கொத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்’ என்றான். பெட்டியின் திரையில் ஐந்து இலக்க எண் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, கடைசி இலக்கங்கள் மட்டும் மெல்ல மாறிக்கொண்டே இருந்தன. என் பைக் வந்து போன நேரத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

#16 நிலவரை

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. அந்த நிழலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அது தளக் காந்தமானி. ஐந்து இலக்க எண் நானோடெஸ்லாவில் பூமியின் காந்தப்புலம். அது ஒரே இடத்தில் நின்றாலும் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். சூரிய வெளிச்சம் மேல் வளிமண்டலத்தில் மின்னோட்டங்களை ஓட்டுவதால், அமைதியான நாளிலேயே பத்துக் கணக்கில் நானோடெஸ்லா ஏறி இறங்கும். சூரியப் புயல் வந்தால் நூற்றுக்கணக்கில். ஹெலிகாப்டரில் அளப்பதிலிருந்து இந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்காவிட்டால், பகல் பன்னிரண்டு மணிக்குப் பறந்த கோட்டில் எல்லாம் பூமிக்கு அடியில் புதிதாக ஏதோ முளைத்த மாதிரி வரும். புயல் நாளில் பறப்பதையே நிறுத்திவிடுவோம்.

பையன் நேரத்தை எழுதிக்கொண்டது மிகச் சரி. அந்த நேரத்து அளவைக் கணக்குப் போடுகிறவர் தூக்கிவிடுவார்.

#17 குறுக்குக்கேள்வி

சரி, காந்தமானியும் உள்ளே இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இப்போது முக்கியமான கேள்வி. காந்தம் என்றால் இரும்புத் தாது. மின்காந்தம் என்றால் செம்பு, நிக்கல். அப்படியென்றால் சுரங்கத்துக்காகத்தானே? நிலம் போய்விடும் என்கிற பயம் பலருக்கு இருக்கும். இதை மழுப்பக்கூடாது.

#18 நிலவரை

மழுப்பவில்லை. கருவியைப் பார்த்து நோக்கத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சில தடயம் இருக்கிறது.

இந்தக் குழாய் ஆழம் போகாது. ஒரு அலைவரிசை மண்ணில் எவ்வளவு தூரம் இறங்கித் தேயும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மண்ணின் மின்தடைத் திறனை அலைவரிசையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503-ஆல் பெருக்க வேண்டும். 50 ஓம்-மீட்டர் உள்ள சாதாரண மண்ணில் 400 ஹெர்ட்ஸ் சுமார் 178 மீட்டர், 1,40,000 ஹெர்ட்ஸ் 9 மீட்டர் சொச்சம். நடைமுறையில் நம்பகமாகப் பார்க்க முடிவது 400 ஹெர்ட்ஸ் கணக்கைவிடக் குறைவுதான், நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300, 400 மீட்டர் ஆழத்தில் தாது தேடுகிறவர் வளையத்தைத்தான் கொண்டுவருவார்.

மேலோட்டமான படிமங்களை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் குழாய் நல்லது. நன்னீர் எங்கே, உப்புநீர் எங்கே, மணல் எங்கே முடிந்து களிமண் தொடங்குகிறது, இதற்கெல்லாம். அதோடு வான்நோக்கி கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சொன்னால் உதவும். ஹெலிகாப்டர் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவியை இயக்கி வைத்திருந்தால் விமானத் தடம் காட்டும் செயலிகளில் கோடுகள் வரிவரியாகவே தெரியும்.

ஆனால் குறுக்குக்கேள்வி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேலோட்டமான தாதுக்கும் இதே குழாயைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் யார் பறக்கிறார்கள், யாருக்காக என்று கேளுங்கள். எங்கேயோ ஒரு அனுமதிக் காகிதம் கட்டாயம் இருக்கும். கேட்பது உங்கள் உரிமை.

#19 பனிக்கரை

இதே குழாயின் தம்பியைப் பற்றி ஒரு செய்தி. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் ஆய்வு நிறுவனம் கடல் பனியின் கனத்தை அளக்க இப்படித்தான் செய்கிறது. அவர்களுடைய பறவை மூன்றரை மீட்டர் நீளம்தான், எடை நூறு கிலோ அளவு. ஹெலிகாப்டருக்கு 20 மீட்டர் கீழே, பனிக்கு 10, 15 மீட்டர் மேலே இழுத்துப் போவார்கள். பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது, கடல் நீர் நன்றாகக் கடத்தும். அதனால் மின்காந்த சிக்னல் பனியைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய் நீரின் மேற்பரப்பு எவ்வளவு தூரம் என்று சொல்லும். குழாயில் இருக்கும் லேசர் பனியின் மேற்பரப்பு எவ்வளவு தூரம் என்று சொல்லும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பனியின் கனம். துளை போட்டு அளந்தால் நாளுக்குச் சில இடம்தான் முடியும், இதில் சில மணி நேரத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடலாம். எனக்கு இந்த எளிய கழித்தல் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

#20 மேய்ச்சல்

நிலவரை ஐயா, சொன்ன மாதிரியே அந்தக் குழுவில் பேசினேன். கொட்டகை இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். கன்று போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை அந்தப் பக்கம் உயரத்தில் கடந்து போவதாகச் சொன்னார்கள். பார்ப்போம்.

#21 வான்நோக்கி

முழு விவரம் இதோ.

செயலியில் தடம் கிடைத்தது. கோடுகளுக்கு நடுவே 200 மீட்டர், அவற்றுக்குக் குறுக்கே தூரந்தூரமாகச் சில கோடுகள். அது கடைசியாகக் கீழே இறங்கிய இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு இன்று காலை அங்கேயே போய்விட்டேன். பைக்கைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்துபோனேன். குழுத் தலைவரிடம் கேட்டதும் அனுமதிக் காகிதத்தையே எடுத்துக் காட்டினார். நிலத்தடி நீரில் உப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காம். குறுக்குக்கேள்வி, உங்களுக்காக அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

குழாயை இரண்டு மரச்சட்டத்தின் மேல் பஞ்சு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் வெள்ளை இல்லை, அழுக்குப் படிந்த பழுப்பு. ஒரு இடத்தில் பழைய ஒட்டு. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், விட்டார்கள். தட்டினால் உலோகச் சத்தம் இல்லை, காய்ந்த சுரைக்குடுவையைத் தட்டின மாதிரி இருந்தது. வெளியே ஒரு இரும்பு ஆணியைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஒருவர் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கட்டையைக் குழாயின் ஓரமாக ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டார். ஹெலிகாப்டருக்குள் இருந்தவர் எண்களைப் படித்துச் சொன்னார். கட்டையை நகர்த்திப் பிடித்தார், மறுபடி எண்கள். கேட்டேன், ஃபெரைட் என்றார்கள், காந்தத்துக்கு இணங்கும் பீங்கான் மாதிரி ஒரு பொருள். அது என்ன பதில் தரும் என்று முன்பே தெரியுமாம். அதே பதிலைக் கருவி சொல்கிறதா என்று பார்த்துத் திருகிச் சரி செய்வார்களாம்.

#22 நிலவரை

ஃபெரைட் கட்டை! குறுக்குக் கோடுகளும் சரியாக இருக்கின்றன. நேர்க்கோடும் குறுக்குக் கோடும் வெட்டும் இடத்தில் இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும், அதற்காகத்தான் அவை. கிளம்பும்போது பார்த்தீர்களா? இறங்கும்போது?

#23 வான்நோக்கி

இரண்டும் பார்த்தேன். கிளம்பும்போது ஹெலிகாப்டர் முதலில் தனியாக நேர் மேலே எழும்பி, கயிறு விறைக்கும் வரை போனது. குழாயின் இரு முனையையும் ஆளுக்கு ஒருவர் பிடித்திருந்தார்கள். கயிறு இழுபட்டதும் கையை விட்டுவிட்டுக் குனிந்து ஓடி வந்தார்கள்.

இறங்கும்போதுதான் எனக்கு மூச்சே நின்றது. ஓட்டுநர் பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டி, முப்பது மீட்டர் கீழே தொங்கும் குழாயையே பார்த்துக்கொண்டு, சாண் சாணாக இறக்கினார். காற்று வீசியடிக்கிறது, புழுதி பறக்கிறது, ஆனால் குழாய் ஆடவில்லை. இரண்டு மரச்சட்டத்தின் பஞ்சிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் ஹெலிகாப்டர் நகர்ந்து போய்ப் பக்கத்தில் இறங்கியது.